பிடி போட்டவள் முதலில் வெட்ட வேண்டும்

நெய்வேலி டவுன்ஷிப்பில் மலர்க் கண்காட்சி நடத்தும் குழுவிலிருந்து இரண்டு பிள்ளைகள் முத்தாண்டிக்குப்பத்தில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தார்கள். கண்காட்சிக்குப் போடும் சிறப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். தோட்டப் பிரிவின் கருவி ஷெட்டில் என் ஆயுசில் பாதியைக் கழித்தேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பழைய சாமான்களைத் தோட்டத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்று நாலு குறிப்பு, நடுவில் என் வேலை அனுபவம் கொஞ்சம், போதும் என்றார்கள். ஜாலியாக இருக்கட்டும் ஆன்ட்டி என்று வந்தவர்களில் ஒரு பெண் சொல்லிவிட்டுப் போனாள்.

எழுதிவிட்டேன். ஜாலியாக வரவில்லை. வயிறு எரிகிறவளிடம் கேட்டால் எப்படி வரும்? போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

குறிப்புகளை முதலில் கொடுத்துவிடுகிறேன். ஓட்டை வாளியில் செடி வைக்க என் யோசனை தேவையில்லை, ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது. பழைய ஹாக்ஸா பிளேடைச் சாணை பிடித்தால் ஒட்டுக்கட்டும் கத்தியாகும். நுனி தேய்ந்த மண்வெட்டியை இரண்டாக வெட்டினால் இரண்டு களைக்கொத்து. மைன்ஸில் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட் துண்டு தோட்டக் கதவுக்கு நல்ல கீல். ஆனால் உள்ளே கம்பி ஓடும் பெல்ட்டைத் தொடாதீர்கள், வெட்டிய இடத்தில் கம்பி துருத்திக்கொண்டு கையைக் கிழித்துவிடும். குறிப்பு முடிந்தது. இனி அனுபவம்.

என் வீட்டுக்காரர் மைன்ஸில் பெர்மனென்ட். மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பதிலாக எனக்குத் தோட்டப் பிரிவில் வேலை கிடைத்தது. களை எடுக்கப் போகச் சொன்னார்கள், போனேன். ஷெட்டில் ஆள் குறைந்தபோது அங்கே அனுப்பினார்கள், அங்கேயும் போனேன். பொம்பளை சம்மட்டி பிடிப்பதா என்று சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களின் மண்வெட்டியும் என்னிடம்தான் வந்தது. அந்தக் கதையெல்லாம் இருக்கட்டும்.

ஷெட்டுக்கு ஃபோர்மேன் காதர் பாய். குறிஞ்சிப்பாடிக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வேலை சரியில்லை என்றால் திட்ட மாட்டார். அந்தக் கருவியை எடுத்துவந்து நம் காலடியில் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது அது அதே இடத்தில் கிடந்தால் மறுபடியும் டீ குடிக்கப் போய்விடுவார். திட்டு வாங்குவது எவ்வளவோ தேவலாம்.

மண்வெட்டிக்குப் பிடி போடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் அதில் ஏமாற்றுவதற்கு நிறைய வழி உண்டு. ஒடிந்த பிடியின் கட்டை இரும்பு வளையத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். சோம்பேறி அதை அப்படியே நெருப்பில் போடுவான். கட்டை எரிந்துபோகும், கூடவே இரும்பின் பதமும் போகும். அப்புறம் அந்த மண்வெட்டி நெய்வேலியின் சரளை மண்ணில் நாலு வெட்டுக்கே மடங்கும். உளியை வைத்துக் கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்துதான் எடுக்க வேண்டும். பிடிக்கு நிழலில் காய்ந்த கருவேலம். சுற்று வட்டாரத்தில் முந்திரிக் கொம்புதான் சுலபமாகக் கிடைக்கும், பிடி போட அது ஆகாது. பிடியின் தடித்த முனை வளையத்தில் இறுகி நிற்க வேண்டும். வெட்ட வெட்ட இன்னும் இறுக வேண்டுமே தவிர நழுவக் கூடாது. பிறகு ஆப்பு.

இதில் பாய்க்கு ஆகவே ஆகாத ஒரு காரியம் உண்டு. தளர்ந்த பிடியைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கொடுப்பது. மரம் உப்பி, காலையில் கல் மாதிரி இறுக்கமாக இருக்கும். வெயில் ஏறி மரம் காய்ந்ததும் ஆட ஆரம்பிக்கும். அப்போது அந்த மண்வெட்டி யாரோ ஒருவரின் தலைக்கு மேலே ஓங்கியிருக்கும்.

அதனால்தான் ஷெட்டில் ஒரு சட்டம் இருந்தது. எந்தச் சுவரிலும் எழுதி வைத்ததில்லை. பிடி போட்டவர்தான் முதலில் வெட்ட வேண்டும். அதுவும் ஷெட் வாசலில் நாலு கொத்துக் கொத்திக் காட்டுவது இல்லை. அந்தக் கருவி எந்த மண்ணில் வேலை செய்யப் போகிறதோ அந்த மண்ணில், அதைப் பிடிக்கப் போகிறவர் கண் முன்னால், ஒரு பாத்தி முழுவதும் வெட்டிவிட்டுத்தான் கையில் கொடுக்க வேண்டும். வந்த புதிதில் எனக்கு இது வீண் வேலையாகத் தெரிந்தது. நாலு பிளாக் தள்ளியிருக்கும் பார்க்குக்கு ஒரு மண்வெட்டியோடு சைக்கிள் மிதித்துப் போய் வெட்டிக் காட்டிவிட்டு வருவது என்றால் எரிச்சல் வராதா? ஏன் பாய் இப்படி என்று கேட்டேன்.

"அடுத்தவங்க கால்ல வுழறதுக்கு முன்னாடி உன் கால்ல வுழட்டும் மேரி," என்றார். அன்றிலிருந்து நானும் சைக்கிளை மிதித்தேன்.

ஒருமுறை யாரோ பெரிய விருந்தாளி வருகிறார் என்று பார்க்கை அவசரமாகச் சரிசெய்தார்கள். பழுது பார்க்க வந்த கருவிகள் ஷெட்டில் மலையாகக் குவிந்திருந்தன. பிடி போட்டு முடித்ததும் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றச் சொல்லி ஒரு அதிகாரி வந்து நின்றார். பாய் ஏற்றியதோடு விடவில்லை. என்னையும் அழைத்துக்கொண்டு அதே வண்டியில் பார்க்குக்குப் போய், ஒவ்வொரு மண்வெட்டியாக எடுத்து வெட்ட ஆரம்பித்தார். நான் போட்டதை நான், அவர் போட்டதை அவர். ஆட்கள் வேலையில்லாமல் வரிசையாக நின்றார்கள். அதிகாரி முகம் சிவந்து கத்தினார், உன்னை என்ன செய்கிறேன் பார் என்றார். பாய் நிமிர்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "நீங்க கத்திகினு இருங்க சார். நான் வெட்டிகினு இருக்கேன். ரெண்டும் சீக்கிரம் முடிஞ்சிடும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார். அன்றைக்கு இரண்டு மண்வெட்டிகள் தேறாமல் ஷெட்டுக்குத் திரும்பின. அதில் ஒன்று நான் பிடி போட்டது.

பாய் ஓய்வுபெற்றபின் அந்தச் சட்டத்தை நான் பிடித்துக்கொண்டேன். நானும் ஓய்வுபெற்றேன், குவார்ட்டர்ஸைக் காலி செய்து இங்கே வந்தேன். தோட்ட வேலை கான்ட்ராக்டுக்குப் போனது, ஷெட்டுக்கு வேலையில்லாமல் போனது. இதைச் சொல்லி நான் மூக்கைச் சிந்தப் போவதில்லை. ஷெட் என்பது தகரக் கூரை, அவ்வளவுதான். கான்ட்ராக்ட்காரரும் கருவியைப் பழுது பார்க்கலாம், யாரும் வேண்டாம் என்று தடுக்கவில்லை. அவர் பார்க்கவில்லை. அதுதான் என் கோபம்.

உடைந்தால் செடி நர்சரிக்குப் பின்னால் இருக்கும் குவியலில் எறி, புதுசு வாங்கு. சரி, வாங்கட்டும். என்ன வாங்குகிறார்? தகடு. பெயிண்ட் அடித்து, பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டிய தகடு. வளையம் தனியாகச் செய்து ஆணி அடித்து ஒட்டியது. செம்மண்ணும் சரளையும் கலந்த பூமியில் அது எத்தனை நாள் வரும்? குவியலில் கிடந்த பழைய இரும்போ ஒரே இரும்பில் அடித்தது. பிடிதான் ஒடிந்திருந்ததே தவிர இரும்புக்கு ஒரு குறையும் இல்லை. கட்டின பெண்டாட்டியை விரட்டிவிட்டுக் களிமண் பொம்மைக்குத் தாலி கட்டியது மாதிரி இருந்தது எனக்கு.

எங்கள் தெருவில் செல்வி என்று ஒரு பெண். அந்தப் பார்க்கில் கான்ட்ராக்ட் வேலை. புருஷன் சரியில்லை, இரண்டு பெண் குழந்தைகள், அவள் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அவளுடைய தகடு மண்வெட்டியின் வளையம் விட்டுப்போய், வெட்டும்போது தகடு கழன்று அவளுடைய முழங்காலுக்குக் கீழே பட்டுவிட்டது. காயம் ஆழம் இல்லை. சூப்பர்வைசரிடம் சொன்னதற்கு, புதுசு ஒருமுறை கொடுத்தாகிவிட்டது, இனி உடைத்தவர்கள்தான் வேறு கொண்டுவர வேண்டும், கருவி இல்லாமல் வேலைக்கு வரக் கூடாது என்று பதில் வந்ததாம். அவள் என்ன செய்தாள்? குவியலுக்குப் போனாள், ஒரு பழைய இரும்பை எடுத்தாள், கூடையில் எல்லோரும் பார்க்கும்படி மேலாக வைத்து, கேட் வழியாகவே தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். திருடுகிறவள் இப்படியா வருவாள்?

நான் அதற்குப் பிடி போட்டேன். கட்டையைக் குடைந்து எடுத்தேன், வளையத்தை அரம் போட்டுச் சுத்தம் செய்தேன், பரணில் வைத்திருந்த கருவேலம் பிடியைச் செதுக்கி மாட்டினேன், ஆப்பு அடித்தேன். வேலை முடிந்ததும் செல்வி கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. நாளைக்கு உன்னோடு வருகிறேன், உன் மண்ணில் வெட்டிவிட்டுத் தருகிறேன் என்றேன். எதற்கும்மா உங்களுக்குச் சிரமம் என்றாள். சட்டம் என்றால் சட்டம்.

மறுநாள் பஸ் ஏறிப் போனோம். பார்க்கில் ரோஜாப் பாத்தி ஓரமாக இறங்கி வெட்டினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, ஆனால் இரும்பு பாடியது. மற்ற பெண்கள் வேலையை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றார்கள். கிழவிக்கு என்ன கிறுக்கு என்று கேட்டார்கள். பாய் சொன்னதை அப்படியே சொன்னேன். சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் தன் தகடு மண்வெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூட்டத்தைப் பார்த்து சூப்பர்வைசர் சேகர் வந்தான். அவனைச் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். எங்கள் பிளாக்கில் வளர்ந்தவன், நல்ல பிள்ளை, டிப்ளமோ படித்தவன். அவனும் கான்ட்ராக்ட்தான். நலம் விசாரித்தான். பிறகு மண்வெட்டியைப் பார்த்தான்.

"இது நம்ம சப்ளை இல்லையே. எங்கேருந்து வந்துச்சு?"

செல்விக்குப் பொய் சொல்லத் தெரியாது. குவியலிலிருந்து எடுத்ததாகச் சொன்னாள். ஏலத்துக்கு இருக்கும் சரக்கை வெளியே கொண்டுபோனது திருட்டு என்றான் சேகர். அவள் கழுத்தில் தொங்கிய பாஸைக் கழற்றி வாங்கிக்கொண்டான். மண்வெட்டியை வாங்கி ஆபீஸ் அறையில் பூட்டினான். மேலே சொல்லிவிட்டுத்தான் இனி அவளை உள்ளே விட முடியும் என்றான். அவளைப் பத்துப் பேருக்கு முன்னால் திருடி என்று சொன்னபோதும் அவள் அழவில்லை. காலில் காயத்துக்குச் சுற்றியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். 

நான் பேசாமல் வீட்டிலேயே கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்று பிற்பாடு என் தங்கை சொன்னாள். இருக்கலாம். அதற்காக நான் வருத்தப்படப் போவதில்லை. சரியாகச் செய்தவளையே வருத்தப்படச் சொல்லும் ஊராக இது ஆகிவிட்டதா?

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பாஸ் கேட்டு நான் மறுபடியும் சேகரைப் பார்க்கப் போன அன்று, பார்க் வாசலில் புதிதாக ஒன்று நின்றது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மயில். தோகை முழுக்க மண்வெட்டி. கழுத்துக்குச் சைக்கிள் செயின், கொண்டைக்குக் களைக்கொத்து. கண்காட்சிக்காக உங்கள் குழு செய்யவைத்தது, கழிவிலிருந்து கலை என்று கீழே பலகை. வெல்டர் நெருப்புப் பறக்கக் கடைசித் தோகையை ஒட்டிக்கொண்டிருந்தார். இரும்பு எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். நர்சரிக்குப் பின்னால் இருந்த குவியலில்தான், லாரியில் அள்ளிவந்தோம் என்றார்.

நல்ல இரும்பை எல்லாம் பொறுக்கி எடுத்திருந்தார்கள். அதில் சிலவற்றை எனக்கு அடையாளம் தெரிந்தது. காதர் பாய் சம்மட்டியால் ஓரம் தட்டிக் கூராக்கியது தனியாகத் தெரியும். அதையும் மயிலின் வாலில் ஒட்டியிருந்தார்கள்.

சேகரிடம் கேட்டேன். ஒரு இரும்பை வேலைக்கு எடுத்தவள் திருடி. லாரி நிறைய எடுத்தவர்களுக்குப் பலகை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடமா? அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான்: அவர்கள் அனுமதி வாங்கியிருக்கிறார்கள், மேரிம்மா. அனுமதி கேட்டால் செல்விக்குக் கொடுப்பாயா என்றேன். அதற்கு வழி இல்லை என்றான். வேலை செய்ய இரும்பு கேட்க வழி இல்லை, வேடிக்கை பார்க்கக் கேட்டால் வழி உண்டு. இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அன்றைக்கு நான் திரும்பிக் கேட் வரை போயிருக்க மாட்டேன், உள்ளே ஒரு சத்தம். நான் வெட்டிக் காட்டிய அன்று தன் மண்வெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அந்தப் பெண், ராஜகுமாரி. அவளுடைய தகடு வளையத்திலிருந்து பிய்ந்து பாதத்தில் இறங்கிவிட்டது. துணி சுற்றி, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். விரல் தப்பியது, தையல் போட வேண்டியிருந்தது. ஆட்டோ போனதும் சேகர் மற்றவர்களை வேலைக்குப் போகச் சொன்னான். கண்காட்சிக்குள் பாத்தி முடிய வேண்டும் என்று அவனுக்கு நெருக்கடி.

யாரும் நகரவில்லை.  ஒரு பெண் போய் தன் மண்வெட்டியை அவன் காலடியில் வைத்தாள். பின்னால் இன்னொருத்தி, அப்புறம் எல்லோரும்.

"நீங்க மொதல்ல வெட்டுங்க சார். குடுக்கறவங்கதான் மொதல்ல வெட்டணும்," என்றாள் வயதில் மூத்தவள். "உங்க கால்ல வுழலன்னா நாங்க வெட்டறோம்."

நான் சொல்லிக்கொடுத்துப் பேசவில்லை. பாய் பிடி போட்டவரைத்தான் சொன்னார். கொடுக்கிறவர் என்று மாற்றியது அவர்களே. 

சேகர் வெட்டவில்லை. யாருக்கோ போன் போட்டான், நெடுநேரம் பேசினான். பெண்கள் பலாமரத்தடியில் உட்கார்ந்தார்கள், நானும் உட்கார்ந்தேன். அடுத்த நாளும் அப்படியே உட்கார்ந்தோம். ரோஜாப் பாத்தி வெட்டாமல் கிடந்தது. மேலே இருந்தவர்களுக்குச் செல்வி மேல் பாசம் வந்துவிடவில்லை, கண்காட்சி மேல் பயம் வந்தது. அதற்கு அடுத்த நாள் செல்வியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். திருட்டுப் பேச்சை வாபஸ் வாங்குவதாகச் சொல்லி பாஸைக் கொடுத்தார்கள். சேகர் அறையைத் திறந்து நான் பிடி போட்ட மண்வெட்டியை எடுத்துவந்தான். பாத்தியில் இறங்கி, எல்லோரும் பார்க்க, அவனே வெட்டினான். பழக்கமில்லாத கை, வளைந்து வளைந்து போனது, ஆனாலும் வெட்டினான். வெட்டி முடித்து செல்வியிடம் நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டாள். பாத்திக்கு மட்டும் போகவில்லை.

"எனக்குக் கெடச்சிடுச்சு சார். இவங்களுக்கு?"

குவியலில் இனி நல்ல இரும்பு இல்லையே, நான் எங்கே போவேன் என்றான் சேகர். செல்வி கையிலிருந்த மண்வெட்டியை உயர்த்தி பார்க் வாசலைக் காட்டினாள். எல்லோரும் திரும்பி மயிலைப் பார்த்தார்கள். சேகரும் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே அடக்கிக்கொண்டான்.

இதை எழுதி அனுப்பும் இன்று வரை மயில் அப்படியேதான் நிற்கிறது. தகடு மண்வெட்டியோடு ஒரு பெண்ணும் பாத்தியில் இறங்கவில்லை. உங்கள் கண்காட்சி நெருங்கிவிட்டது, திறந்து வைக்க ஆள் வருகிறார், எனக்குத் தெரியும். மயில் இருந்தால் பாத்தி இல்லை, பாத்தி வேண்டுமென்றால் மயில் இல்லை. தோகையை அறுக்க அந்த வெல்டரைக் கூப்பிடுங்கள். கருவேலம் என்னிடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நானே பிடி போட்டு, இடுப்பு ஒடிந்தாலும் சரி, ஒவ்வொன்றாக நானே முதலில் வெட்டிக் கொடுக்கிறேன். ஆனால் அந்த வாலைத் தரையில் இறக்கும் வரை என்னிடம் இன்னொரு கட்டுரை கேட்டு யாரும் வர வேண்டாம்.